பிடிக்கவில்லை என்று எழுதிய பிறகு

கேள்வி: நான் கோவையில் காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாள்தோறும் ஒரு விளம்பரத்தையோ வடிவமைப்பையோ நோட்டில் ஒட்டி, அதைப் பார்த்ததும் என்ன தோன்றியது என்று எழுதிவர வேண்டும் என்பது எங்களுக்குத் தரப்பட்ட பயிற்சி. 60 பக்கங்கள் ஆகிவிட்டன. 40க்கும் மேற்பட்ட பக்கங்களில் "பிடிக்கவில்லை" என்றே எழுதியிருக்கிறேன். எல்லா நிறுவனங்களின் லோகோவும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. தமிழ் விளம்பரங்களோ ஆங்கில விளம்பரத்துக்குள் தமிழைத் திணித்தவை போல இருக்கின்றன. எனக்குப் பிடித்தவை பழைய சிவகாசித் தீப்பெட்டி லேபிள்களும், கையால் எழுதிய கடைப் பலகைகளும்தான். என் ஆசிரியர் "இது விமர்சனம் அல்ல, பழமை ஏக்கம்" என்று குறிப்பெழுதிக் கையெழுத்திட்டுவிட்டார். என் ரசனை தவறா? இந்த நோட்டை இனி எப்படி எழுதுவது?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த ஆறு பக்கங்களின் படங்களையும் நிதானமாகப் பார்த்தேன். உங்கள் ரசனை தவறில்லை. ஆனால் உங்கள் ஆசிரியர் எழுதியதிலும் பாதி நியாயம் இருக்கிறது. இத்தொழிலில் 27 ஆண்டுகளாக இருக்கிறேன். எதைப் பார்த்தாலும் "நன்றாக இருக்கிறது சார்" என்று சொல்லிவிட்டுப் போகும் மாணவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. உங்களுக்கு எரிச்சல் வருகிறது என்றால் கண் வேலை செய்கிறது என்று பொருள். குறை வேறு இடத்தில் இருக்கிறது. எரிச்சல் வந்ததை எழுதுகிறீர்கள், அது அந்தப் பக்கத்தின் எந்த மூலையிலிருந்து, எந்த எழுத்திலிருந்து, எந்த நிறத்திலிருந்து வந்தது என்று எழுதாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறீர்கள்.

உங்களைப் போலவே தன் காலத்துப் பாணியின் மீது எரிச்சல் கொண்ட ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் டைலர் கலைப் பள்ளியில் படித்து, பின்னாளில் புகழ்பெற்ற வடிவமைப்பாளரான பவுலா ஷேருக்கு, அன்று எங்கும் கோலோச்சிய ஹெல்வெடிகா எழுத்துருவும் அதைக் கட்டங்களுக்குள் ஒழுங்காக அடுக்கும் சுவிஸ் முறையும் பிடிக்கவில்லை. அறையைச் சுத்தமாக வைத்துக்கொள் என்று வீட்டில் சொல்வதைப் போல அது அவருக்குப் பட்டது. வியட்நாம் போருக்குத் துணைநின்ற பெருநிறுவனங்களின் எழுத்தாகவும் அதை அவர் பார்த்தார். அந்த வெறுப்போடு நின்றிருந்தால் இன்று அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது. எழுத்தைக் கொண்டே படம் வரைந்து பார் என்று அவருடைய ஆசிரியர் சொன்னதை அவர் பிடித்துக்கொண்டார். 1994இல் நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டருக்காக அவர் செய்த சுவரொட்டிகளில் பழைய மர அச்செழுத்துகள் தெருவின் இரைச்சலோடு முட்டி மோதிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், மாணவப் பருவத்து எரிச்சல் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது விளங்கும்.

இனி உங்கள் முதல் குறைக்கு வருகிறேன். லோகோக்கள் ஒன்றுபோல ஆகிவிட்டன என்பது உண்மை. 2013இல் ஆப்பிள் தன் ஐஓஎஸ் 7 வழியாகத் தோல், மரம் போன்று தோற்றமளித்த படங்களை எல்லாம் தொலைபேசித் திரையிலிருந்து நீக்கியது. 2015 செப்டம்பரில் கூகுள், கால்முனைகள் கொண்ட செரிஃப் எழுத்தைக் கைவிட்டு மொட்டையான எழுத்துக்கு மாறியது. 2017இல் பாலென்சியாகா, 2018இல் பர்பெரி என்று ஆடை நிறுவனங்களும் வரிசையாக அதே தடத்தில் சென்றன. இதற்கு ஒரு நல்ல காரணமும் ஒரு மோசமான காரணமும் உண்டு. விரல்நுனி அளவே உள்ள செயலிச் சதுரத்துக்குள் பெயர் தெரிய வேண்டுமானால் மெல்லிய முனைகள் முதலில் கரைந்துபோகும் என்பது நல்ல காரணம். எல்லாரும் செய்ததையே செய்தால் கூட்ட அறையில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது மற்றது. அந்தக் கூட்ட அறைகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். துணிச்சலான மூன்று மாதிரிகளையும் ஒதுக்கிவிட்டு நான்காவதாக இருக்கும் பாதுகாப்பானதைத் தேர்ந்தெடுக்கும் அந்த நிமிடம் மிகவும் அமைதியானது. பர்பெரி 2023இல் தன் பழைய குதிரைவீரனையும் செரிஃபின் சாயல் கொண்ட எழுத்தையும் மீட்டுக்கொண்டது. அதற்கு முன்பே, 2021இல், பர்கர் கிங் தன் பழைய லோகோவை ஒத்த வடிவத்துக்குத் திரும்பியிருந்தது. ஆகவே நீங்கள் உணர்ந்த சலிப்பை அந்தந்த நிறுவனங்களே உணரத் தொடங்கிவிட்டன. நோட்டில் "எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன" என்று எழுதுவதற்குப் பதிலாக, இந்த லோகோ எந்த அளவில், எந்தப் பரப்பில் அதிகம் பார்க்கப்படும், அதற்காக எதை இழந்தது, இழந்தது தேவைதானா என்று எழுதிப் பாருங்கள்.

பார்ப்பவரின் எதிர்வினை எவ்வளவு துல்லியமாக இருக்க முடியும் என்பதற்கு நான் வகுப்புகளில் எப்போதும் எடுத்துக்காட்டுவது அமெரிக்காவின் டிராபிகானா பழச்சாற்று அட்டைப்பெட்டி. 2009 ஜனவரியில் அதன் தோற்றத்தை முற்றிலும் மாற்றினார்கள். ஆரஞ்சுப் பழத்தில் நேரடியாக உறிஞ்சுகுழல் செருகிய பழைய படம் போய், ஒரு கண்ணாடிக் கோப்பையில் சாறு வந்தது. கிடைமட்டமாக இருந்த பெயர் செங்குத்தாக நின்றது. வடிவமைப்பாளரின் கண்ணுக்கு அது தூய்மையானது, நவீனமானது. கடைக்கு வந்தவர்களோ வழக்கமாக எடுக்கும் பெட்டி எங்கே என்று தேடினார்கள், கடையின் சொந்தத் தயாரிப்பு போல மலிவாக இருக்கிறது என்று எழுதினார்கள். விற்பனை ஏறக்குறைய 20 சதவீதம் சரிந்தது. பிப்ரவரி இறுதிக்குள் பழைய பெட்டியையே திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்துவிட்டார்கள். குழல் செருகிய பழம், "இது பழத்திலிருந்து நேராக வருகிறது" என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. கோப்பை எந்தச் சாற்றுக்கும் பொருந்தும். வாங்குபவர்களுக்கு வடிவமைப்பு மொழி தெரியாது. ஆனாலும் எதைத் தேடினோம், எது கிடைக்கவில்லை என்று அவர்கள் தெளிவாகச் சொன்னார்கள். உங்கள் நோட்டிலும் அந்தத் தெளிவு வர வேண்டும்.

உங்கள் 17ஆம் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். நகரப் பேருந்தின் பின்புறம் ஒட்டியிருந்த கடன் செயலி விளம்பரம் அது. ஊதாவிலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும் பின்னணியில், நீண்ட கைகால்களும் சிறிய தலையும் கொண்ட இருவர் துள்ளிக் குதிக்கிறார்கள். அதன் கீழே நீங்கள் எழுதியிருப்பது: "உயிரே இல்லை. எரிச்சலாக இருக்கிறது." இந்த உருவ முறை 2017இல் ஃபேஸ்புக்கிற்காக உருவாக்கப்பட்ட அலெக்ரியா என்ற படத்தொகுதிக்குப் பிறகு உலகெங்கும் பரவியது. கார்ப்பரேட் மெம்ஃபிஸ் என்று குறை சொல்லும் தொனியிலேயே அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். உருவத்தின் தோல் ஊதாவாகவோ நீலமாகவோ இருந்தால் அது எந்த இனத்தவருடையதும் இல்லை. கை, கால், தலை என்று தனித்தனியாக வைத்திருந்தால் வேண்டிய காட்சியை ஒரு மணி நேரத்தில் பொருத்திவிடலாம். பல நாடுகளில் ஒரே நேரத்தில் விளம்பரம் செய்யும் நிறுவனத்துக்கு இவை இரண்டுமே பெரிய வசதி. அந்த வசதிக்குக் கொடுத்த விலைதான் நீங்கள் உயிரில்லை என்று சொல்வது. நான் அந்தப் பக்கத்தை எழுதியிருந்தால் ஏறக்குறைய இப்படி எழுதியிருப்பேன்: "சிக்னலில் நின்ற பேருந்துக்குப் பின்னால் இருசக்கர வண்டியில் உட்கார்ந்தபடி பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது ஊதா நிறம், அடுத்தது காலணி. கடன் என்ற சொல்லை நான்காவதாகத்தான் படித்தேன், அதற்குள் சிக்னல் விழுந்துவிட்டது. குதிப்பவர்களின் தலையில் பூ இல்லை, தோளில் பை இல்லை, வயது தெரியவில்லை. கடன் கேட்டு அலைந்த யாருடைய முகமும் எனக்கு நினைவுக்கு வரவில்லை." இதில் வெறுப்பு குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் இதைப் படிக்கும் வடிவமைப்பாளர் மறுநாள் மாற்றிச் செய்ய நான்கு இடங்கள் கிடைக்கின்றன.

உங்கள் இரண்டாவது குறைதான் என் மனத்துக்கு நெருக்கமானது. ஏஜென்சிகளில் இதற்கு அடாப்டேஷன் என்று பெயர். ஆங்கிலத்திலோ இந்தியிலோ விளம்பரம் முடிந்து, ஒப்புதல் கிடைத்து, படமும் கட்டமும் இறுகிப்போன பிறகு, அதே இடத்தில் தமிழைப் பொருத்தித் தரும் வேலை அது. 2001இல் ஒரு நகைக்கடையின் கால்பக்க நாளிதழ் விளம்பரத்தை நான் அப்படித்தான் செய்தேன். ஆங்கிலத் தலைப்பு மிகத் தடித்த பெரிய எழுத்துகளில் நெருக்கமாக இருந்ததால், தமிழையும் அதே கனத்துக்குக் கொண்டுவர மென்பொருளின் போல்டு பொத்தானை அழுத்தினேன். எங்களிடம் ஸ்ரீலிபி என்ற மென்பொருளில் தமிழ் அடித்துக்கொண்டிருந்த மூத்த டிடிபி ஆப்பரேட்டர் ஒருவர், அச்சிட்ட நகலைக் கைநீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, பெண்ணுக்கு மூணு சுழியக் காணோமே" என்றார். "பெண்" என்ற சொல்லின் ண், கனம் கூடியதால் சுழிகள் அடைத்து ஒரு கறுப்புக் கட்டியாகக் கிடந்தது. அதன் மேலிருந்த புள்ளியோடு, முந்தைய வரியில் இருந்த "து"வின் கீழிறங்கும் கீற்று வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. செய்தித்தாள் தாளில் மை இன்னும் கொஞ்சம் பரவும் என்பதை நான் நினைக்கவே இல்லை. வரிகளைத் தளர்த்தி, கனத்தைக் குறைத்து, தலைப்பை மூன்று வரியாக்கி மீண்டும் செய்தோம். அன்று இரவு முழுவதும் வெட்கமாக இருந்தது. அவர் சொல்லாமல் விட்டிருந்தால் நான் இன்னும் சில ஆண்டுகள் அப்படியே செய்திருப்பேன்.

அவர் அன்று காட்டியதைத்தான் நான் இன்றுவரை கற்றுக்கொண்டிருக்கிறேன். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை, எனவே ஆங்கிலத்தில் எல்லாம் பெரிய எழுத்தாக வைத்துக் கொடுக்கும் அழுத்தத்தைத் தமிழில் அளவாலோ இடத்தாலோ நிறத்தாலோதான் கொடுக்க முடியும். கி, மி போன்றவற்றின் மேல்விலங்கு மேலே ஏறும், து போன்றவற்றின் உகரக் கீற்று கீழே இறங்கும், ஆகவே ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி நமக்குப் போதாது. புள்ளியை அழகுக்காகச் சிறிதாக்கினால் "பல் மருத்துவமனை" பத்தடி தூரத்தில் "பல மருத்துவமனை" ஆகிவிடும். இதையெல்லாம் அறியாதவர் செய்த பலகையைப் பார்க்கும்போது உங்களுக்கு வரும் எரிச்சல் ரசனையைப் பற்றியது மட்டும் அல்ல, அது படிக்க முடியாததால் வரும் எரிச்சல்.

சொற்களிலும் இதே கதைதான். "உங்கள் நாளை சிறப்பாக்குங்கள்" என்று ஒரு விளம்பரம் சொன்னால், அது இன்றைய நாளையா, நாளைய தினத்தையா என்று ஒரு கணம் தடுமாற வேண்டியிருக்கிறது. மொழிபெயர்த்தவர் அந்தத் தடுமாற்றத்தைக் கேட்கவில்லை, ஏனென்றால் அவர் வாய்விட்டுப் படித்துப் பார்க்கவில்லை. நரசுஸ் காபியின் "பேஷ் பேஷ், ரொம்ப நன்னாயிருக்கு" இத்தனை ஆண்டுகள் நம் நாக்கில் நிற்பதற்குக் காரணம், அது ஒரு வீட்டுக் கூடத்தில் ஒருவர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன குரலாகவே பிறந்ததுதான். செயலிகளில் வரும் சிறு பொத்தானைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் முடியும் "பை நௌ", தமிழில் "இப்போதே வாங்குங்கள்" என்று பத்து அகலமான எழுத்துகளாக நீளும்போது, பொத்தானுக்குள் அடக்க எழுத்தைக் குறுக்கிவிடுகிறார்கள். "வாங்க" என்று மூன்றே எழுத்தில் எழுதியிருக்கலாம். வாங்குவதற்கு என்றும் பொருள், வாருங்கள் என்ற அழைப்பும் அதிலேயே இருக்கிறது. தமிழில் யோசிக்கத் தொடங்கினால் இடமும் கிடைக்கும், பொருளும் கூடும் என்பதை இந்த ஒரு பொத்தானில் நீங்களே வரைந்து சோதித்துவிடலாம்.

இதில் நம்பிக்கை தருவனவும் நிறைய நடந்திருக்கின்றன. ரூபாய் குறியீட்டை வடிவமைத்த உதயகுமார், மும்பை ஐஐடியில் தமிழ் எழுத்து வடிவங்களைப் பற்றியே ஆய்வு செய்தவர். பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரன், இலங்கையின் தாரிக் அசீஸ் உருவாக்கிய பவனம், கவிவனார், ஏக் டைப் குழுவினரின் முக்த மலர், பலூ தம்பி, அனேக் தமிழ் ஆகிய எழுத்துருக்கள் இன்று எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக் கிடைக்கின்றன. அனேக் தமிழைத் தரவிறக்கி, ஒரே சொல்லை மிகக் குறுகிய அகலத்திலிருந்து மிக விரிந்த அகலம் வரை இழுத்துப் பாருங்கள். பொத்தானை அழுத்திக் கனத்தைக் கூட்டுவதற்கும், ஒவ்வொரு கனத்துக்கும் சுழியின் உள்வெளியை ஒருவர் உட்கார்ந்து வரைந்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு கண்முன் தெரியும். உங்கள் தலைமுறைக்கு இங்கே வேலை மீதம் இருக்கிறது. குறிப்பாகத் தலைப்புகளுக்கான, குணமுள்ள தமிழ் எழுத்துருக்கள் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் இன்னும் மிகக் குறைவு.

தீப்பெட்டி லேபிள்களைப் பற்றி ஆசிரியர் எழுதியதற்கு வருகிறேன். நீங்கள் பிறப்பதற்கு முன்பே பெரும்பாலும் மறைந்துவிட்ட ஒன்றின் மீது உங்களுக்கு ஏக்கம் எப்படி வரும் என்பது என் முதல் கேள்வி. உங்களை ஈர்ப்பது வேறு ஏதோ என்று நினைக்கிறேன். அது என்ன என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு உங்களுடையது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த பிறகு சிவகாசியில் தொழில் வளர்ந்தது, அதற்கு லேபிள் அச்சடிக்கும் தேவை அங்கே அச்சுத் தொழிலையும் வளர்த்தது. படிக்கத் தெரியாதவரும் "கிளி மார்க் கொடு" என்று கேட்டு வாங்க வேண்டும், ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நீளத்துக்குள் எல்லாம் அடங்க வேண்டும், நிறங்கள் கூடக் கூடச் செலவும் கூடும். அந்த நெருக்கடியில்தான் நடுவில் ஒரே ஓர் உருவம், அதைச் சுற்றிக் கனமான கரை, பின்னால் ஒரே தட்டையான சிவப்போ மஞ்சளோ என்ற வடிவம் பிறந்தது. நீங்கள் வெறுக்கும் செயலிச் சதுரத்துக்கும் இதற்கும் உள்ள உறவைப் பாருங்கள். இரண்டும் சிறிய பரப்பில் ஒரு பொருளை அடையாளம் காட்டப் பிறந்தவைதான். நன்றாக விற்ற லேபிளைப் பார்த்துப் பிறர் நகலெடுத்ததும் அன்றே நடந்தது. அப்படியிருந்தும் ஒன்று உங்களை ஈர்க்கிறது, மற்றது சலிப்பூட்டுகிறது என்றால், அந்த வேறுபாட்டை அளந்து எழுதினாலே நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிடும்.

கையால் எழுதிய பலகைகளும் அப்படித்தான். சாக்பீஸ் தடவிய நூலை இரு முனையிலும் பிடித்துச் சுண்டிக் கோடு போட்டு, பலகையின் அகலத்துக்குக் கடையின் பெயரை மனத்துக்குள்ளேயே பிரித்துக்கொண்டு, மெய்யெழுத்துகளைச் சற்றே ஒடுக்கி, கால்களை நீட்டியோ குறுக்கியோ பொருத்திவிடும் அந்தக் கை, அனேக் தமிழ் இன்று செய்வதை அன்றே செய்துகொண்டிருந்தது. சிவகாசி காலண்டர்களையும் உங்கள் நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாடகங்களுக்குத் திரை வரைந்துவிட்டுக் கோவில்பட்டியில் தங்கிய கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும், கீழே ஒரு கடையின் பெயரோடு வீடுகளுக்குள் போனார்கள். தேதி தீர்ந்த பிறகும் படத்தைக் கிழித்தெறிய மனம் வராமல் சட்டம் போட்டு, பொட்டு வைத்து, விளக்கேற்றினார்கள் நம் வீட்டினர். ஒரு விளம்பரத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்று நீங்கள் எழுதும் தீர்ப்புகளோடு காலம் முழுவதும் கட்டுப்பட்டிருக்க வேண்டியதில்லை. ஜெர்மனியில் யான் சீகோல்ட் என்ற அச்செழுத்து வடிவமைப்பாளர் 1928இல், 26ஆம் வயதில், செரிஃபும் நடுவில் அமைக்கும் தலைப்பும் இனி கூடவே கூடாது என்று வாதிட்டு நூல் எழுதினார். 1933இல் நாஜிகள் அவரைக் கைது செய்தார்கள். சுவிட்சர்லாந்துக்குப் பெயர்ந்த பிறகு, தன் இளமைக்கால விதிகளின் கண்டிப்பிலேயே அந்தச் சர்வாதிகாரத்தின் சாயல் இருந்ததாக அவரே கருதினார். 1947 முதல் 1949 வரை இங்கிலாந்தில் பெங்குவின் நூல்களை அவர் சீரமைத்தபோது, தான் ஒருகாலத்தில் தடைசெய்தவற்றையே மிகுந்த அக்கறையோடு பயன்படுத்தினார். ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் தேதியைக் குறித்து வையுங்கள், எழுதியதை அடிக்காதீர்கள், கருத்து மாறினால் அடுத்த பக்கத்தில் எழுதுங்கள்.

நோட்டை எழுதும் முறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கே, எவ்வளவு தூரத்தில், எத்தனை நொடி பார்த்தீர்கள் என்பதையும், கண் எந்த வரிசையில் போயிற்று என்பதையும் முதலில் எழுதுங்கள். பிடித்ததா இல்லையா என்பதை அதற்குப் பிறகு எழுதுங்கள். வாரத்துக்கு ஒரு பக்கமாவது, உங்களுக்குப் பிடிக்காத விளம்பரத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றி நீங்களே வரைந்து பக்கத்திலேயே ஒட்டுங்கள். எழுதும்போது கிடைக்காத காரணம் வரையும்போது பெரும்பாலும் கிடைத்துவிடும். பிடித்த பக்கங்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். உங்கள் 41ஆம் பக்கத்தில் உள்ள பேக்கரிப் பலகையை "அழகு" என்ற ஒரு சொல்லோடு விட்டுவிட்டீர்கள். அதில் "ஸ்வீட்ஸ்" என்பதன் ஸ் இரண்டு இடத்திலும் வேறு வேறு அகலத்தில் இருப்பதைக் கவனித்தீர்களா?

தேர்வு முடிந்ததும் சிவகாசிக்கு ஒருமுறை போய்வாருங்கள். லேபிளும் காலண்டரும் அச்சிட்ட மூத்தவர்கள் பலரிடம் பழைய சாம்பிள் புத்தகங்கள் இருக்கும். கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். அச்சுக்காரர்கள் வைத்திருக்கும் சிறிய லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் வழியே ஒரு பழைய லேபிளையும், அதே அளவுக்கு வெட்டிய இன்றைய ஃப்ளெக்ஸ் துண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, கண்ணில் பட்டதை அன்றிரவே எழுதி எனக்கு அனுப்புங்கள்.